ரத்தச் சர்க்கரை அறிக்கையைப் படித்தலும் நீரிழிவு முன்நிலையில் வாழ்தலும்

ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது

உடல்நலமுள்ளவர் ரத்தத்திலும் குளுக்கோஸ் எந்நேரமும் இருக்கும். மூளையும் சிவப்பணுக்களும் அதை நம்பியே இயங்குகின்றன. சாப்பிட்டதும் சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து குளுக்கோசாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினின் உதவியால் தசைகள் குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மிஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. இரவில் சாப்பாடு இல்லாத நேரத்தில், அந்தச் சேமிப்பிலிருந்து கல்லீரல் சிறிது சிறிதாக ரத்தத்துக்குக் குளுக்கோசை விடுகிறது. அளவுக்கு மீறி விடாமல் அதைக் கட்டுப்படுத்துவதும் இன்சுலின்தான்.

இந்தச் சுழற்சியில் கோளாறு இரண்டு இடங்களில் தொடங்கலாம். இரவில் கல்லீரல் கட்டுக்கு மீறிக் குளுக்கோசை விட்டால், காலையில் வெறும் வயிற்றிலேயே அளவு கூடியிருக்கும். தசைகள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காவிட்டால், சாப்பிட்ட பிறகு ஏறிய சர்க்கரை இறங்க நேரம் பிடிக்கும். ஆய்வகச் சோதனைகள் ஒவ்வொன்றும் இச்சுழற்சியின் ஒரு பகுதியைத்தான் பார்க்கின்றன. ஆகவே ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர இயலாது.

சோதனைகளும் எல்லை எண்களும்

இந்திய அறிக்கைகளில் சர்க்கரை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு (100 மி.லி.) எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படுகிறது. இந்த அத்தியாயத்தில் அது மி.கி. என்று மட்டும் குறிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு, கர்ப்பகாலம் நீங்கலாக, எல்லைகள் இவை:

- வெறும் வயிற்றில்: 100 மி.கி.க்குக் கீழ் இயல்பு. 100 முதல் 125 வரை முன்நிலை. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.
- 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 140 மி.கி.க்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை முன்நிலை. 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.
- எச்பிஏ1சி: 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு.

வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத பால், காபி, டீ குடித்தாலும் அது வெறும் வயிறு ஆகாது.

குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையில், வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் நடப்பது இதன் எளிய வடிவம்: டிபன் சாப்பிட்டுவிட்டு 2 மணி நேரம் கழித்து எடுப்பது. ஒருவர் இரண்டு இட்லி சாப்பிட்டிருப்பார். இன்னொருவர் பொங்கலும் வடையும் சாப்பிட்டிருப்பார். உணவின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், இந்த எண் வழிகாட்டுமே தவிர உறுதிப்படுத்தாது. ஐயம் வந்தால் குளுக்கோஸ் சோதனையே தெளிவு தரும்.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் இந்த எண் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைக் காட்டும். அதிலும் கடைசி மாதத்தின் பங்கு அதிகம். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. 6 சதவீதம் என்றால் அந்தக் காலத்தில் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 126 மி.கி.; 7 சதவீதம் என்றால் 154 மி.கி.

எல்லை எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003இல் வெறும் வயிற்று முன்நிலையின் தொடக்கத்தை 110இலிருந்து 100 ஆக இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110ஐயே வைத்துக்கொண்டது. எனவே 104 என்ற ஒரே எண்ணை ஓர் ஆய்வகம் இயல்பு என்றும் மற்றொன்று கூடுதல் என்றும் அச்சிடலாம். அளவையும் நாட்டுக்கு நாடு மாறும். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளின் அறிக்கைகள் மில்லிமோல் கணக்கில் வரும். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் மி.கி. கிடைக்கும்: 5.6 என்பது 100, 7.0 என்பது 126, 11.1 என்பது 200.

எண்ணை மாற்றிவிடும் காரணங்கள்

அறிக்கையைப் படிக்கும் முன் ரத்தம் எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

காய்ச்சல், தொற்று, அறுவைச் சிகிச்சை, கடுமையான வலி ஆகியவை சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் ஏற்றும். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், உடல் தேறிய பிறகு மறுபடி சோதிப்பதே முறை. நோய்க்காக ஒருவர் தொடர்ந்து எடுத்துவரும் ஸ்டீராய்டைச் சோதனைக்காகத் தாமாக நிறுத்தவே கூடாது.

எடுத்த ரத்தம் குழாயில் காத்திருந்தால் அதிலுள்ள அணுக்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையலாம். ஆகவே ஃபுளோரைடு கலந்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்து விரைவில் பிரித்துச் சோதிக்கும் ஆய்வகமே நம்பகமானது. வீடு தேடி வந்து காலையில் எடுத்துச் சென்ற ரத்தம் நண்பகல் வரை பையில் கிடந்தால், உண்மையில் 104 இருந்தது 95 என்று வரக்கூடும்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று தரநிர்ணயமே அனுமதிக்கிறது. 110 காட்டும் கருவிக்கு உண்மை எண் 96ஆகவும் இருக்கலாம், 126ஐத் தாண்டியும் இருக்கலாம். போக்கை அறிய அது உதவும். நோயை நிர்ணயிக்க உதவாது.

எச்பிஏ1சியின் பலவீனம் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றும். ரத்தப்போக்கு, அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டது, சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய்கள் ஆகியவை பொய்யாக இறக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதால், எச்பிஏ1சியோடு ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. எச்பிஏ1சியும் குளுக்கோஸ் சோதனையும் முரண்பட்டால் குளுக்கோஸ் சோதனையையே நம்ப வேண்டும்.

சாப்பிட்ட பின் எடுக்கும் சோதனையில் 2 மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும். சோதனைக்கு முந்தைய நாள்களில் மட்டும் பட்டினி கிடப்பதோ சோற்றை விடுவதோ தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். குளுக்கோஸ் சோதனைக்கு முன் மூன்று நாளாவது வழக்கம்போல் சாப்பிட்டிருக்க வேண்டும்.

சிறுநீரில் சர்க்கரை இல்லை என்ற முடிவு எந்த ஆறுதலும் தராது. ரத்தத்தில் ஏறத்தாழ 180 மி.கி.யைத் தாண்டிய பிறகே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். முன்நிலையில் உள்ளவர்களில் பலருக்கு அது இறங்குவதேயில்லை.

மூன்று அறிக்கைகள்

முதல் அறிக்கை: வெறும் வயிற்றில் 96, குளுக்கோஸ் குடித்தபின் 164, எச்பிஏ1சி 5.9. வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்தவர் ஒன்றுமில்லை என்று வீடு திரும்பியிருப்பார். ஆனால் உணவுக்குப் பின் சர்க்கரையை இறக்க உடல் திணறுகிறது. இது முன்நிலை. வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்திக்கொள்வதால் தவறவிடப்படும் வகை இது.

இரண்டாம் அறிக்கை: வெறும் வயிற்றில் 114, குளுக்கோஸ் குடித்தபின் 128, எச்பிஏ1சி 5.6. இதுவும் முன்நிலைதான், கோளாறு கல்லீரல் பக்கம் கூடுதலாக இருக்கிறது. மூன்றில் ஒன்று எல்லை தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

மூன்றாம் அறிக்கை: வெறும் வயிற்றில் 129, எச்பிஏ1சி 6.3. ஒன்று நீரிழிவு என்கிறது, மற்றொன்று முன்நிலை என்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு சோதனையின் ஒரே முடிவை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்துவதில்லை. எல்லை தாண்டிய சோதனையை இன்னொரு நாள் மறுபடி எடுத்து, அதிலும் தாண்டினால்தான் உறுதி. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றோடு எந்த நேரத்தில் எடுத்த சர்க்கரையும் 200ஐத் தொட்டுவிட்டால் மறுசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முன்நிலை என்பது என்ன

பார்டரில் இருக்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்வது இந்த நிலையைத்தான். அப்படிச் சொல்லும்போது இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்ற தொனி அதில் சேர்ந்துவிடுகிறது. உண்மையில், உடல் இன்சுலினுக்கு இணங்க மறுப்பதும், அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக உழைத்துக் களைப்பதும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் இந்த நிலையிலேயே கூடத் தொடங்குகிறது.

பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருக்காது. சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, தோல் தடித்து, தொட்டால் வெல்வெட்போல் இருக்கும். அழுக்கு என்று தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. இன்சுலினுக்கு உடல் இணங்கவில்லை என்பதன் வெளி அடையாளம் அது.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, முன்நிலையில் உள்ளவர்கள் 13.6 கோடி. எல்லாரும் நீரிழிவுக்குப் போய்ச் சேர்வதில்லை. சிலர் இயல்புக்குத் திரும்புகிறார்கள், சிலர் அதே இடத்தில் நிற்கிறார்கள், சிலர் கடந்துவிடுகிறார்கள்.

இந்தியர்களுக்கு ஒல்லியான உடலிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதுண்டு. ஆகவே எடை இயந்திரத்தைவிட இடுப்பை அளக்கும் டேப் அதிகம் சொல்லும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண், ரத்தம் எடுக்காமலேயே யார் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று காட்டுகிறது. வயது 35 முதல் 49 என்றால் 20, 50 அல்லது அதற்கு மேல் என்றால் 30. இடுப்பு எல்லையைத் தொட்டால் 10, அதிலிருந்து 10 செ.மீ. கூடினால் 20, உடலுழைப்பும் உடற்பயிற்சியும் இல்லையென்றால் 30, பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் 42 வயது ஆண், இடுப்பு 96 செ.மீ., அம்மாவுக்குச் சர்க்கரை நோய்: கணக்கு 70 வந்துவிடுகிறது.

தடுக்கலாம் என்பதற்கான சான்று

சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு, உணவையும் உடற்பயிற்சியையும் ஆறு ஆண்டு திருத்தியவர்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டு தள்ளிப்போனது. இதய நோய்களும் இறப்பும் குறைந்தன. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றனர். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம் குறைந்தது.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான சான்று, சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. முன்நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ 30 மாதம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போனார்கள். உணவும் நடையும் திருத்திய குழுவில் அது 39.3 சதவீதம். குறைந்த அளவு மெட்ஃபார்மினும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் பலன் இல்லை. இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. நம்மவர்கள் முன்நிலையிலிருந்து மிக வேகமாக நீரிழிவுக்குப் போகிறார்கள். அந்த வேகத்தை அன்றாடப் பழக்கத்தாலேயே குறைக்க முடிகிறது.

சாப்பாட்டுத் தட்டு

நம் சாப்பாட்டில் பெரும்பகுதி மாவுச்சத்து. காலையில் இட்லி தோசை, மதியம் சோறு, இரவில் மறுபடி இட்லி, தோசை அல்லது சப்பாத்தி என்று மூன்று வேளையும் தானியமே தட்டை நிறைக்கிறது. ஒரு கப் சோற்றில், அதாவது 150 கிராமில், 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு போட்டுக்கொண்டால் கணக்கு 120ஐத் தாண்டும்.

சோற்றை முழுவதும் விட வேண்டியதில்லை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறோ மற்ற தானியமோ என்று இடம் பிரித்தால் போதும். பொரியலும் கூட்டும் முதலில், சோறு பிறகு என்று வரிசை மாற்றினால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் புரதக் குறைவு வழக்கமாக உள்ளதால் சுண்டலைப் பண்டிகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் மாலைச் சிற்றுண்டி ஆக்கிக்கொள்ளலாம். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 8 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் கிடைக்கும். உருளை, சேனை, மரவள்ளி ஆகியவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிறுதானியம் பற்றிய நம்பிக்கையில் ஒரு திருத்தம் தேவை. கேழ்வரகிலும் கம்பிலும் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் வெள்ளை அரிசியைவிட மேல். ஆனால் அளவின்றிச் சாப்பிடத்தக்கவை அல்ல. மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சினால் விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். முழுத் தானியமாக வேகவைத்தோ காய்கறி சேர்த்து அடையாகவோ சாப்பிடுவது மேல்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையே. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருப்பது சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று டீ குடித்தால் அந்த அளவு அங்கேயே தீர்ந்துவிடும். பழத்தைச் சாறாக்காமல் முழுதாகச் சாப்பிட வேண்டும். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு அன்றாடத்துக்கு ஏற்றவை. மாம்பழமும் பலாவும் பருவத்தில் சிறு துண்டுகளாகப் போதும்.

வெந்தயம், பாகற்காய், நாவல் ஆகியவற்றை உணவாகச் சேர்ப்பதில் தவறில்லை. அவற்றை நம்பிச் சோதனையையோ மருத்துவரையோ விட்டுவிடக் கூடாது.

உடல் அசைவு, எடை, உறக்கம்

தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலேயே குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது. நடந்தும் எடை குறையவில்லையே என்று மனம் தளர்பவர்கள் அறிய வேண்டிய செய்தி இது: எடை அசையாவிட்டாலும் பலன் நடந்துகொண்டிருக்கிறது. வாரம் ஐந்து நாள் 30 நிமிட வேகநடை குறைந்தபட்ச இலக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது ஆகியவற்றுக்கு ஜிம் தேவையில்லை. சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் மெல்ல நடந்தால், சரியாக ஏறும் நேரத்தில் சர்க்கரை தணியும். நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்வோர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு 5 முதல் 7 சதவீதக் குறைவே பெரிய பலன் தரும். 75 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 5 கிலோ. சில மாதங்களில் மெதுவாகக் குறைவதே நிலைக்கும். உறக்கக் குறைவும் இரவுப் பணியும் இன்சுலினுக்கு உடல் இணங்குவதைக் கெடுக்கும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க மூச்சுத்தடை உண்டா என்று பார்க்க வேண்டும். புகைபிடிப்பது நீரிழிவு, மாரடைப்பு இரண்டுக்கும் வழி திறக்கிறது.

மாத்திரை தேவைப்படும் இடம்

முன்நிலையில் எல்லாருக்கும் மாத்திரை தேவையில்லை. உடல் பருமன் மிக அதிகமாக உள்ள 60 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பகாலத்தில் நீரிழிவு வந்த பெண்கள், எச்பிஏ1சி 6ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் மெட்ஃபார்மின் தரலாம். சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். பல ஆண்டு எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பக்கத்து வீட்டாரின் மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொள்வது ஆபத்து; நீரிழிவுக்கான சில மாத்திரைகள் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும்.

தொடர் கண்காணிப்பு

முன்நிலை என்று தெரிந்தவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். பழக்கங்களை மாற்றத் தொடங்கியவர் ஆறு மாதத்தில் எச்பிஏ1சி பார்த்தால் முயற்சியின் பலன் தெரியும். மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்ப்பதில் பயன் குறைவு. கூடவே ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இடுப்பளவு ஆகியவற்றையும் குறித்துவர வேண்டும். தினமும் விரலில் குத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஒப்பிட வசதியாக, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுத்து, அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்துவைப்பது நல்லது. ஒரு முறை 108, அடுத்த முறை 104 என்று வந்தால் அது முன்னேற்றமும் அல்ல, 112 என்று வந்தால் தோல்வியும் அல்ல. அன்றாட ஏற்ற இறக்கம் அவ்வளவு இருக்கும். இரண்டு மூன்று அறிக்கைகளின் போக்கே பொருள் தரும். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் சர்க்கரைப் பரிசோதனை வசதி உண்டு.

கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்கள் பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் சோதனை செய்துகொண்டு, அதன் பிறகும் வாழ்நாள் முழுவதும் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடுவதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெற்றோருக்கு முன்நிலை என்றால் வளர்ந்த பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது தகும். தட்டும் நடையும் ஒருவருக்கென்று தனியாக மாறாமல் வீடு முழுவதற்கும் மாறினால் பழக்கம் நிலைக்கும்.

தாகமும் சிறுநீரும் திடீரென அதிகரித்தல், சில வாரங்களில் எடை வெகுவாகக் குறைதல், பார்வை மங்கல், ஆறாத புண் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் சேர்ந்தால், குறிப்பாக இளம் வயதினருக்கு, உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.